பாசல் போகும்போது விட்ரா டிசைன் மியூசியம்: ஒரு நாள் ஒதுக்கலாமா?

கொட்டகலை_தச்சு

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சி கல்யாணம் முடித்து சுவிஸில், பாசல் நகரத்தில் இருக்கிறாள். அடுத்த மாதம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன், விசா கைக்கு வந்துவிட்டது. மச்சான் ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்: பனிமலை, ரைன் நீர்வீழ்ச்சி, சாக்லேட் கடை. நீர்வீழ்ச்சி பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா? டெவனையும் சென்கிளேயரையும் பஸ் ஜன்னலிலிருந்தே பார்த்து வளர்ந்தவன் நான்.

எனக்கு அங்கே ஒரே ஒரு ஆசைதான். பாசலை ஒட்டி, ஜெர்மனி எல்லைக்குள் வைல் ஆம் ரைன் என்ற ஊரில் விட்ரா டிசைன் மியூசியம் இருக்கிறது. நான் தளபாடப் பட்டறை வைத்திருக்கிறேன். கிராண்டிஸ், சப்பு, ஓடர் கொடுப்பவருக்கு வசதி இருந்தால் தேக்கு. உலகத்தில் பேர்போன கதிரைகள் எல்லாம் அங்கே இருக்கிறதாம். கட்டடமே கோணல்மாணலாக, பார்த்தால் கண் எடுக்க முடியாதாம். மச்சானோ ‘அது சின்ன இடம், அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும்’ என்கிறார்.

போனவர்கள் யாராவது சொல்லுங்கள். சுவிஸ் விசாவில் ஜெர்மனிக்குள் விடுவார்களா? கதிரைகளைத் தொட்டு, கவிழ்த்து, மூட்டுப் பார்க்க முடியுமா, இல்லை தள்ளி நின்று எட்டிப் பார்ப்பதுதானா? அம்மா கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலி. அவரையும் கூட்டிப் போவது சரியா?

பாசல்_எட்டாம்_நம்பர்

அண்ணே, ஊர் பொகவந்தலாவை, இப்போது பாசலில். விசா ஸ்டிக்கரில் ஷெங்கன் நாடுகள் என்று இருந்தால் போதும், சுவிஸும் ஜெர்மனியும் இரண்டுமே அதற்குள்தான். ஒரு தடவை மட்டும் நுழையும் விசாவாக இருந்தாலும் பயமில்லை, நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியே போகவில்லையே. ஆனால் பாஸ்போர்ட்டைக் கட்டாயம் கையில் வைத்திருங்கள். எல்லையில் சில நாட்களில் ஏறிப் பார்ப்பார்கள்.

8ஆம் நம்பர் ட்ராம் 2014 கடைசியிலிருந்து எல்லை தாண்டி வைல் ஆம் ரைன் வரை ஓடுகிறது. இறங்கிக் கால் மணித்தியாலம் மாதிரி நடக்க வேண்டும். அம்மா வருவதென்றால் பாதிஷர் பான்ஹோஃப் ஸ்டேஷனிலிருந்து 55ஆம் நம்பர் பஸ் எடுங்கள், அது விட்ரா வாசலிலேயே நிற்கும். அங்கே யூரோ என்பதை மறக்க வேண்டாம்.

பழைய_டீமேக்கர்

தம்பி, மச்சான் சொல்வது பாதி சரி. மியூசியம் என்ற கட்டடம் சின்னதுதான். மகள் ஃப்ரைபுர்க்கில் இருப்பதால் நான் போய்ப் பார்த்தேன். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் கெரி 1989இல் கட்டியது, ஐரோப்பாவில் அவருடைய முதல் கட்டடம். வெள்ளைச் சாந்துச் சுவர், மேலே துத்தநாகத் தகடு. படத்தில் சும்மா கலைத்துப் போட்டதாகத்தான் தெரியும். ஒரு சுற்று நடந்து பாருங்க, ஒவ்வொரு கோணலுக்கும் ஒரு வேலை இருக்கு. சுருண்டு இறங்குவதற்குள் மாடிப்படி. வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்பது உள்ளே வெளிச்சம் இறக்க. உள்ளே கண்காட்சி மாறிக்கொண்டே இருக்கும். ஒன்றை இறக்கி அடுத்ததை ஏற்றும் நாட்களில் மூடி வைப்பார்கள், அதனால் திகதி பார்த்துப் போங்க.

ஆனால் உங்களைப் போகச் சொல்வது அது நிற்கிற வளவுக்காக. அது விட்ரா கம்பெனியின், இன்றும் ஓடுகிற தளபாட ஃபெக்டரி. 1981இல் மின்னல் விழுந்து ஃபெக்டரியில் பெரும்பகுதி எரிந்துபோனது. நான் காலம் முழுக்க தேயிலை ஸ்டோரில் இருந்தவன். டிரையர் பக்கம் தூசி சேர்ந்து புகை கிளம்பும்போது வயிற்றைப் பிசையுமே, அது எனக்குத் தெரியும். எங்களிடம் இருந்தது வரிசையாகச் சிவப்பு வாளி, மணல், ஒரு மணி. அவ்வளவுதான். இவர்கள் என்ன செய்தார்கள்? இங்கிலாந்துக்காரர் நிக்கலஸ் கிரிம்ஷாவைக் கூப்பிட்டு மளமளவென்று புது மண்டபம் எழுப்பினார்கள். அப்புறம் தங்களுக்கென்றே ஒரு தீயணைப்பு நிலையம் வேண்டுமென்று ஸாஹா ஹதீதிடம் கொடுத்தார்கள். பக்தாதில் பிறந்து லண்டனில் தொழில் செய்த கட்டடக்கலைஞர். அதுவரை அவர் வரைந்தவை பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றுவிட்டன. 1993இல் முடிந்த அந்த நிலையம்தான் அவர் பெயரை நிலத்தில் நிறுத்திய முதல் பெரிய வேலை.

உள்ளே போனதும் என் கண் தேடியது நேராக நிற்கிற ஒரு சுவரை. சுவர் சாய்கிறது, தரைக்கோடு வேறு பக்கம் இழுக்கிறது, வெளியே நீளும் கொங்கிரீட் கூரை போகப் போக மெலிந்து கூராகிறது. கழிப்பறைப் பக்கம் கொஞ்சம் கூடுதலாக நின்றேன், தலை சுற்றியது. எனக்குப் பிடித்ததா என்றால், வீடாக இருந்தால் ஒரு ராத்திரி தங்க மாட்டேன். ஆனால் மணி அடித்ததும் எழுந்து ஓட வேண்டிய ஆட்களுக்குக் கட்டியது என்று நினைத்துப் பார்த்தால் அந்தப் பதற்றம் பொருத்தம்தான்.

அதே வருடம் முடிந்த இன்னொன்று, ததாவோ ஆன்டோவின் மாநாட்டு மண்டபம். ஜப்பான்காரரான அவர் தன் நாட்டுக்கு வெளியே கட்டிய முதல் கட்டடங்களில் ஒன்று. செர்ரி மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. மரங்களை மீறி உயரக்கூடாது என்று ஒரு பகுதியை நிலமட்டத்துக்குக் கீழே இறக்கியிருக்கிறார். சுவரை ஒட்டி ஒற்றை ஆள் நடக்கும் பாதை. அதில் போகும்போது கொங்கிரீட்டைக் கையால் தடவிப் பாருங்க. பலகை அடித்து ஊற்றியதுதான், நம்ம ஊரில் ஊற்றுவது போலத்தான். ஆனால் பலகைக்குப் பலகை விழுந்த கோடும், இறுக்கிய கம்பியின் துளையும் எங்கே பார்த்தாலும் ஒரே கணக்கில் வருகின்றன. ஒரு மூலையில் பலகை அரை அங்குலம் நகர்ந்திருந்தாலும் சுவர் முழுக்கக் காட்டிக் கொடுத்துவிடும். அது தச்சன் வேலை தம்பி. இங்கே ஷட்டரிங் அடிக்கிற பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுகூட இல்லை.

இந்த இரண்டுக்குள்ளும் சும்மா நுழைய முடியாது. கைடுடன் போகும் கட்டடக்கலை டூர் எடுக்க வேண்டும், இரண்டு மணித்தியாலம் மாதிரி போகும். ஆங்கிலத்திலும் இருக்கு. முன்னாலேயே பதிந்துகொள்ளுங்க.

அம்மாவை அந்த டூருக்கு இழுக்க வேண்டாம். அவருக்கு விட்ராஹவுஸ். பாசல் கட்டடக்கலைஞர்கள் ஹெர்ட்சோக்கும் டி மியூரோனும் 2010இல் கட்டியது. இரண்டு பக்கமும் சரிந்த கூரை போட்ட நீள வீடுகள் பன்னிரண்டு, லயங்களைத் தூக்கி ஒன்றின்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய மாதிரி. லிஃப்டில் உச்சிக்குப் போய் ஆறுதலாக இறங்கி வரலாம். காசு கேட்க மாட்டார்கள். அங்கே எல்லாக் கதிரையிலும் உட்காரலாம், சோபாவிலும் சாயலாம். பக்கத்தில் தோட்ட வடிவமைப்பாளர் பீட் ஆவுடோல்ஃப் போட்ட தோட்டம் இருக்கு. நம்ம பங்களாப் பூந்தோட்டம் போல வெட்டி ஒழுங்கு பண்ணியது இல்லை, புல்லும் பூவும் காய்ந்த தண்டும் சேர்ந்தே நிற்கும். செடிகொடியோடு வாழ்ந்தவருக்கு அதில் பேச நிறைய இருக்கும்.

கொட்டகலை_தச்சு

ஐயா, மிகவும் நன்றி. ஷட்டரிங் விஷயத்தை என் பட்டறைப் பையன்களுக்கு வாசித்துக் காட்டினேன்.

அப்போ பழைய கதிரைகள் எங்கே? அதற்குத்தானே போகிறேன். இன்னொரு வயிற்றெரிச்சல்: இப்போது கல்யாண வீடு, செத்த வீடு, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் வாடகைக்கு எடுப்பது பிளாஸ்டிக் கதிரை. எங்கள் தொழிலைப் பாதி தின்றதே அதுதான். அங்கேயாவது மரத்துக்கு மரியாதை இருக்குமா?

மஸ்கெலியா_மொறட்டுவை

அண்ணா, நான் மொறட்டுவையில் கட்டடக்கலை படிக்கிறேன். இன்னும் அங்கே போகக் கிடைக்கவில்லை, ஆனால் படித்துப் படித்து வழி பாடமாகிவிட்டது.

நீங்கள் தேடுவது அதே வளவில் இருக்கும் ஷவ்டிப்போ. 2016இல் திறந்தது, அதுவும் ஹெர்ட்சோக் – டி மியூரோன்தான். ஜன்னலே இல்லாத செங்கல் கட்டடம், கல்லைக் கையால் உடைத்து உடைந்த முகம் வெளியே தெரியக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே 1800களின் தொடக்கத்திலிருந்து இன்றுவரை 400க்கும் மேற்பட்ட தளபாடங்கள் தட்டுத் தட்டாக நிற்கின்றன. தொடவோ உட்காரவோ விடமாட்டார்கள். ஆனால் சில கதிரைகள் கண் மட்டத்துக்கு மேலே இருப்பதால் கவிழ்க்காமலேயே அடிப்பக்கம் தெரியும் என்று போனவர்கள் சொன்னார்கள்.

தோனெட் 14ஆம் இலக்கக் கதிரையைத் தேடிப் பாருங்கள். 1859இல் வந்தது. பீச் மரத்தை நீராவியில் வேகவைத்து வளைத்தது. மொத்தம் ஆறு மரத் துண்டு, பத்துத் திருகாணி. கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 கதிரை போகும். மரவேலையைக் கப்பலில் ஏற்றிய ஆள்.

பிளாஸ்டிக்கைப் பற்றிக் கேட்டீர்களே, கோபப்படாதீர்கள். அதே ஷவ்டிப்போவில் 2017இல் நம்ம வாடகைக் கதிரை இனத்தையே, ஒரே அச்சில் வார்க்கும் மொனோபுளொக்கை, வைத்துத் தனிக் கண்காட்சி நடத்தினார்கள்!

அப்புறம் ஒன்று. டீமேக்கர் ஐயா அந்தத் தீயணைப்பு நிலையத்தை இவ்வளவு புகழ்கிறார், ஆனால் அது வேலைக்கு உதவாமல் போனதால்தான் கடைசியில் கண்காட்சி இடமாக்கினார்கள் என்று எங்கள் வகுப்பில் கதை உண்டு. கட்டடம் என்றால் வசிக்க வேண்டும். அப்கொட்டில் ஸ்ட்ராத்ஸ்பே தோட்டத்துப் பங்களாவை ஜெஃப்ரி பாவா வரைந்தார். கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா 1950 வாக்கிலேயே அங்கே கருணாரத்ன வீட்டைக் கட்டினார், தும்பறைப் பாய் நெசவு வரை உள்ளூர் வேலையைச் சேர்த்துக்கொண்டு. அதையெல்லாம் நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

பழைய_டீமேக்கர்

மகள், பாவா விஷயத்தில் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் தீயணைப்பு நிலையக் கதை பொய். கைடிடம் நானே கேட்டேன். அந்தப் பகுதியின் பொதுத் தீயணைப்புப் படை ஃபெக்டரியையும் பார்த்துக்கொள்ளும் என்று ஏற்பாடானதும் தனிப்படை தேவையில்லாமல் போனது. கூரை கோணலாக இருந்ததால் யாரும் ஓடிவிடவில்லை.

தம்பி, ஷவ்டிப்போவில் ஈம்ஸ் தம்பதியின் பிளைவூட் கதிரையின் ஓரத்தைக் குனிந்து பாருங்க, அடுக்கு அடுக்காகத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தேயிலைப் பெட்டியே பிளைவூட்தான், உள்ளே ஈயத்தாள் போட்டு ஆணி அடிப்போம். இப்போது எல்லாம் காகிதச் சாக்கு. அதே சரக்கை அமெரிக்காவில் இரண்டு பேர் முதுகின் வளைவுக்கு வளைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் என் மகள் வந்து கூப்பிடும்வரை நின்றேன்.

வளவில் சுத்தியல், குறடு, திருப்புளி மூன்றும் ஆளுக்கு மேலே எழும்பி வளைந்து நிற்கும் சிலை ஒன்று இருக்கு. சிற்பி ஓல்டன்பர்க் 1984இல் செய்தது. விட்ராவை நடத்திய வில்லி ஃபேல்பாவுமுக்குப் பிள்ளைகள் கொடுத்த 70ஆவது பிறந்தநாள் பரிசு. அதன் கீழே நின்று ஒரு படம் எடுத்துப் பட்டறையில் மாட்டுங்க.

கொட்டகலை_தச்சு

சரி, முடிவு பண்ணிவிட்டேன், முழு நாள். காலையில் ஷவ்டிப்போ, மத்தியானம் டூர். அந்த நேரம் தங்கச்சி அம்மாவோடு விட்ராஹவுஸில். டேப்பைக் கொண்டுபோய் விட்ராஹவுஸ் கதிரைகளில் இருக்கை உயரம், முதுகுச் சாய்வு அளந்தால் யாராவது திட்டுவார்களா?

பாசல்_எட்டாம்_நம்பர்

திட்ட மாட்டார்கள் அண்ணே, அது விற்கிற இடம், அளந்து பார்த்துத்தான் வாங்குகிறார்கள். மியூசியம் கடைக்குள் மட்டும் கவனமாகப் போங்கள். பேர்போன கதிரைகளை ஆறில் ஒரு பங்கு அளவில் செய்து விற்கிறார்கள், உள்ளங்கையில் நிற்கும். அதில் ஒன்றின் விலைக்கு நீங்கள் கொட்டகலையில் முழுக் கதிரை செய்து பொலிஷும் போட்டுவிடுவீர்கள்.