குன்னூர் வீடு: பெரியப்பா காரியம்

வியாழன்

செந்தில்: ஞாயிறு பதினாறாம் நாள் காரியம். காரியப் பத்திரிகை அடிக்கற பிரஸ்காரர் 6 மணிக்குள்ள மேட்டர் கேக்கறார். பெரியப்பா பேருக்குக் கீழ என்ன போடறது?

பாபு: டாக்டர்

ராஜம் அத்தை: அப்படிப் போட்டா ஆஸ்பத்திரி டாக்டர்னு நினைச்சுக்குவாங்க. அண்ணன் படிச்சது வேற.

சித்தப்பா: ஓய்வு, பாஸ்டியர் இன்ஸ்டிடியூட். அவ்வளவு போதும்.

பாபு: பெட்போர்டு முழுக்க நாய் ஊசி தாத்தான்னாதான் தெரியும்

கலா அக்கா: அந்தப் பேர் அவருக்கே பிடிக்கும் பாபு. ஆனா பத்திரிகையில "வைரஸ் ஆய்வாளர்"னு இருக்கணும். 11 வருஷம் அவர்கிட்ட லேப்ல இருந்தவ சொல்றேன். 1902ல லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ்னு ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு வெறிநாய்க்கடியில செத்துப் போச்சு. அப்ப ஊசி வேணும்னா வடக்கே கசௌலிக்குப் போகணும். அதுக்கப்புறம்தான் 1907ல நம்ம சிம்ஸ் பார்க் எதிர்ல இந்த இன்ஸ்டிடியூட் வந்துச்சு. பெரியப்பா 1971ல சேர்ந்தப்ப ஆட்டு மூளையில வைரஸை வளர்த்து, அதைக் கொன்னு ஊசி பண்ணுவாங்க. தொப்புளைச் சுத்தி 14 ஊசி. ஆனா மூளைத் திசு கலந்திருக்கறதால சில பேருக்குக் கை கால் விழுந்துடும். அப்படி எங்கயாவது ஆச்சுன்னு காகிதம் வந்தா அன்னிக்கு மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவே மாட்டார்.

பாபு: 😢

சித்தப்பா: சாப்பாட்டுக்கு எத்தனை பேர்னு யாராவது சொல்லுங்கப்பா. சமையல்காரர் கேக்கறார்.

செந்தில்: 120?

ராஜம் அத்தை: அரவங்காடு ஆளுங்களையும் சேத்துக்கோ. 150.

மீனா: அண்ணா நாங்க வர்றது சந்தேகம். அப்புவை காலையில நாய் கீறிடுச்சு

கலா அக்கா: கீறிச்சா, பல்லு பட்டுச்சா? ரத்தம் வந்துச்சா?

மீனா: கெண்டைக்கால்ல பல்லு பட்டிருக்கு. லேசா ரத்தம். எதிர் வீட்டு நாய்தான்க்கா, ஊசியெல்லாம் போட்ட நாய். மஞ்சள் வச்சிருக்கேன்

கலா அக்கா: மீனா, மஞ்சளைக் கழுவி எடு. இப்பவே. குழாயைத் திறந்து விட்டு, சோப்பு போட்டு 15 நிமிஷம். கடிகாரம் பாத்து. கட்டுப் போடாதே. உடனே கோத்தகிரி ஜி.எச். போ. ரத்தம் வந்திருந்தா தடுப்பூசி மட்டும் பத்தாது, காயத்துலயே இம்யூனோகுளோபுலின், அதாவது ரெடியா இருக்கற எதிர்ப்பு மருந்து, போடணும். இருக்கான்னு கேளு, இல்லேன்னா எங்க போகணும்னு எழுதித் தரச் சொல்லு. வீட்டு நாய்னு விடாதே. நாயை 10 நாள் பாக்கறது தனி, ஊசி இன்னிக்கே ஆரம்பிக்கணும். நோய் வந்துட்டா யாராலயும் காப்பாத்த முடியாது.

மீனா: பயமா இருக்குக்கா

கலா அக்கா: இன்னிக்கே போனா பயமில்லை. கிளம்பு.

செந்தில்: எனக்கு நாய் கடிச்சப்ப பெரியப்பா இதேதான் பண்ணாரு. டிசம்பர் குளிர், பல்லு கிட்டிக்குது. கையில வாட்ச்சைப் பிடிச்சுக்கிட்டு "இன்னும் 4 நிமிஷம்"ங்கிறாரு. விடவே இல்ல

ராஜம் அத்தை: ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் குழாயடியில நின்னார். தங்கச்சி கல்யாணத்துக்குத்தான் நேரம் இல்லை. 1983. தாரை வார்க்க சித்தப்பாதான் நின்னார்.

சித்தப்பா: ராஜம், இப்ப எதுக்கு அது

கலா அக்கா: அத்தை, இதை நானே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். தயாரிக்கற ஒவ்வொரு பேட்ச் ஊசியையும் எலிக்குப் போட்டுப் பாப்பாங்க. அப்புறம் ஊசி காப்பாத்துதான்னு பாக்க அதே எலிக்கு வைரஸைச் செலுத்தி 14 நாள் தினமும் எண்ணணும், எது நிக்குது எது சாஞ்சுதுன்னு. ஒரு நாள் விட்டாலும் கணக்கு கெட்டுடும். எண்ணற இன்னொருத்தர் உங்க கல்யாண வாரம் காய்ச்சல்ல படுத்துட்டாராம். உங்க கல்யாண போட்டோ பெரியப்பா மேசைக் கண்ணாடிக்குக் கீழ ரிட்டயர் ஆகிற வரைக்கும் இருந்துச்சு.

ராஜம் அத்தை: எந்தப் போட்டோ?

கலா அக்கா: நீங்களும் மாமாவும் மாலையோட. பின்னாடி வாழை மரம்.

ராஜம் அத்தை: என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே

பாபு: அந்த மேசைக் கண்ணாடி இப்ப யார்கிட்ட இருக்கு?

சித்தப்பா: வீட்டுச் சாமான் பேச்சு காரியம் முடிஞ்சப்புறம்.

கலா அக்கா: இன்னொண்ணு சொல்லிடறேன். ஆட்டு மூளை இல்லாம, குரங்குச் சிறுநீரகத்துல இருந்து எடுத்த வீரோ செல்லுல வளர்க்கற ஊசிக்கு அங்க மாறினப்ப அவர் கூடவே இருந்தார். 2003ல ரிட்டயர் ஆனார். 2004 டிசம்பரோட ஆட்டு மூளை ஊசித் தயாரிப்பை நாடு முழுக்க நிறுத்தியாச்சு. அந்தச் சேதி வந்த அன்னிக்குத் தெரு முழுக்க வர்க்கி வாங்கிக் கொடுத்தார்.

செந்தில்: அந்த வர்க்கி! பொறந்தநாளான்னு கேட்டோமே

மீனா: போட்டாச்சுக்கா. காயத்துலயும் போட்டாங்க, அப்பு கத்தித் தீர்த்துட்டான். சீட்டுல 0, 3, 7, 28ன்னு இருக்கு. 3ஆவது நாள் ஞாயிறு வருது. காரியம்

கலா அக்கா: காரியத்துக்கு வராட்டி பரவாயில்லை. ஊசி தள்ளக் கூடாது.

ராஜம் அத்தை: சீட்டை எடுத்துட்டு சனிக்கிழமையே இங்க வந்துடு கண்ணு. குன்னூர் ஜி.எச்.ல நான் கூட்டிட்டுப் போறேன். ஞாயிறு போடறாங்களான்னு நாளைக்கே போய்க் கேட்டு வைக்கிறேன்.

மீனா: சரி அத்தை 🙏

செந்தில்: பிரஸ்காரர் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டார். ஆய்வாளரா, விஞ்ஞானியா?

பாபு: விஞ்ஞானி

சித்தப்பா: பெரியம்மா தூங்கறாங்க. எழுந்ததும் கேட்டுச் சொல்றேன். 7 மணி வரைக்கும் டைம் கேளு.

ராஜம் அத்தை: செந்தில், 150 பேருக்கு வர்க்கியும் சொல்லிடு.