முன் சக்கரத்தில் கீச் சத்தம்

குழு: மடிப்பாக்கம் - ஆதம்பாக்கம் குடும்பம்

வெள்ளி

அக்கா, இரவு 8:40
இரண்டு நாளாக காரில் பிரேக் பிடிக்கும்போது முன்னால் இடது பக்கம் கீச் என்று சத்தம். இன்று கைவேலி சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரரே எட்டிப் பார்த்து, "பேடு தேஞ்சிருக்கும், சீக்கிரம் பாருங்கம்மா" என்றார்.

அத்தான், 8:46
ஞாயிறு நானே மாற்றலாம் என்று இருக்கிறேன். ஏர் ஃபில்டர், வைப்பர், பேட்டரி எல்லாம் வீட்டிலேயே மாற்றியிருக்கிறேன். பிரேக் மட்டும் இதுதான் முதல் தடவை. மாமா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அம்மா, 8:49
பிரேக் விஷயம் மாப்பிள்ளை. மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்களேன். பிள்ளைகள் போகிற வண்டி.

பெரிய மாமா, 9:15
தங்கச்சி, நீ பயப்படுவது நியாயம்தான். ஆனால் மாப்பிள்ளை நிதானமான கை, செய்யட்டும். நான் 32 வருஷம் டிப்போவில் பிரேக் வேலைதான் பார்த்தேன், கூடவே இருக்கிறேன். முட்டி வலியால் வர முடியாது. ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்துப் போடுங்கள், நான் பார்த்துச் சொன்ன பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

அந்தக் கீச் சத்தம் நல்ல சத்தம். பேடு என்பது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பட்டை. பல பேடுகளில் ஒரு சின்னத் தகடு இருக்கும். பேடு தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கூப்பிடும். அது கரகரவென்று மாறினால் இரும்போடு இரும்பு உரசுகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் வண்டியை எடுக்கவே கூடாது.

நான், 9:20
நாளை ஜி.பி. ரோடு பக்கம் போகிறேன் மாமா. பேடு வாங்கி வரட்டுமா? நம் வேகன் ஆருக்குப் புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும் என்று ஒரு நண்பன் சொல்கிறான்.

பெரிய மாமா, 9:24
புதுப்பேட்டையில் கதவு வாங்கு, பம்பர் வாங்கு. பிரேக் சாமான் மட்டும் பழசு வேண்டாம். ஜி.பி. ரோட்டில் ஆர்.சி.யைக் காட்டி, மாடலும் வருஷமும் சரிபார்த்துப் புதுசாக வாங்கு. இரண்டு முன் சக்கரத்துக்கும் சேர்த்து நாலு பேடு ஒரு செட். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அப்புறம் சிலிக்கோன் கிரீஸ் ஒரு சின்ன டியூப். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிவிடும்.

இன்னொன்று. தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு வாங்காமல் வீட்டுக்கு வராதே. வண்டியோடு வந்த ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான். அதை மட்டும் நம்பி யாரும் சக்கரத்தைக் கழற்றிய இடத்தில் கை விடக்கூடாது. இதில் எனக்கு வேறு பேச்சே கிடையாது.

ஞாயிறு

அத்தான், காலை 7:30
(படம்) தொடங்குகிறேன் மாமா. முதல் கியர், ஹேண்ட் பிரேக், பின் சக்கரங்களுக்குச் செங்கல். வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டேன்.

பெரிய மாமா, 7:34
நல்லது. ஆனால் உங்கள் பார்க்கிங் பேவர் பிளாக் தரை, மழைக்குப் பிறகு அமுங்கும். ஸ்டாண்டுக்குக் கீழே தடிப்பான பலகை போடுங்கள். ஏற்றியதும் வண்டியைக் கையால் நன்றாக அசைத்துப் பாருங்கள். கழற்றிய சக்கரத்தை அப்படியே வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள்.

அக்கா, 7:36
சின்னவளுக்கு ஸ்டியரிங் முன்னால் உட்கார ஆசை. கதவைப் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொண்டேன்.

பெரிய மாமா, 7:37
ரொம்ப நல்ல காரியம் செய்தாய் கண்ணு. பேடுகளைப் பிடித்திருக்கும் கேலிபர் கழன்றிருக்கும்போது யாராவது பிரேக்கை மிதித்தால், பேடைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

அத்தான், 8:20
(படம்) கேலிபரைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், பிரேக் ஆயில் ஓஸில் பாரம் இல்லை. தூசியை ஊதாமல் ஈரத்துணியால்தான் துடைத்தேன். இதைப் பாருங்கள் மாமா: வெளிப்பக்கப் பேடு 6 மி.மீ. இருக்கிறது, உள்பக்கம் 2 மி.மீ.கூட இல்லை.

பெரிய மாமா, 8:23
அங்கேயே நிறுத்துங்கள். புதுப் பேடை மாட்ட வேண்டாம்.

புதுசில் ஏறக்குறைய 10 மி.மீ. இருக்கும். இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாகத் தேய வேண்டும். உள்பக்கம் மட்டும் இப்படிப் போனால் ஏதோ சிக்கியிருக்கிறது. பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திறந்து, சிரிஞ்சால் கொஞ்சம் ஆயிலை எடுத்துவிடுங்கள். அப்புறம் பழைய பேடை வைத்து சி-கிளாம்பால் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். ஆயில் பெயின்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்டைத் தின்றுவிடும்.

அத்தான், 8:41
பிஸ்டன் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. ரப்பரும் கிழியவில்லை.

பெரிய மாமா, 8:43
அப்படியானால் சிக்கியிருப்பது கேலிபரின் பின்தான். கேலிபர் இரண்டு பின்களின் மேல் பக்கவாட்டில் நகர வேண்டும். பிஸ்டன் உள்பக்கப் பேடைத் தள்ளும், கேலிபர் நகர்ந்து வெளிப்பக்கப் பேடை இழுக்கும். பின் இறுகிவிட்டால் பாரம் முழுக்க உள்பக்கத்துக்குத்தான். இரண்டையும் கையால் இழுத்துப் பாருங்கள்.

அத்தான், 9:05
மேல் பின் சுலபமாக வருகிறது. கீழ்ப் பின் அசையவே இல்லை. ஸ்பேனர் போட்டு இடம் வலமாகத் திருப்பித் திருப்பித்தான் வெளியே எடுத்தேன். (படம்) முழுக்கச் செம்மண் நிறத் துரு, நடுவில் குழி குழியாக இருக்கிறது. ரப்பர் உறையில் நகம் அளவுக்குக் கிழிசல்.

நான், 9:08
2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீரில் நின்ற வண்டிதானே? எல்லோரும் வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நாம் போவதற்குள் தெருவில் முட்டி அளவு ஏறிவிட்டது.

பெரிய மாமா, 9:14
அப்போது நுழைந்த தண்ணீராகவும் இருக்கலாம், அதற்குப் பிறகு வந்த மழையாகவும் இருக்கலாம். உறை கிழிந்தால் கிரீஸ் போய்விடும், துரு வந்துவிடும். அன்று இன்ஜினை எல்லோரும் பார்த்தோம். சக்கரத்தைக் கழற்றிப் பார் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

குழி விழுந்த பின்னைத் தேய்த்துப் போடாதீர்கள். பின்னும் உறையும் கிட்டாக வரும், மாற்றிவிடுங்கள். டிஸ்க் எப்படி?

அத்தான், 9:20
வழவழப்பாக இருக்கிறது, பள்ளம் இல்லை. ஓரத்தில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவை வெர்னியரால் பார்த்தேன், அதற்கு மேல்தான் இருக்கிறது.

அக்கா, 9:22
இன்று கடை இருக்காதே மாமா. நாளை எனக்கு ஆபீஸ். அந்தப் பின்னையே சுத்தம் செய்து புதுப் பேடு போட்டு ஒரு நாள் ஓட்டினால் என்ன ஆகும்?

பெரிய மாமா, 9:25
புதுப் பேடும் அதே மாதிரிதான் தேயும் கண்ணு. மழையில் அவசரத்துக்கு மிதிக்கும் அன்று இடது சக்கரம் முழு பலத்தோடு பிடிக்காது. நாளை பஸ்ஸில் போ. மாப்பிள்ளை, பழைய பேடையே மாட்டி, சக்கரத்தைப் போட்டுக் கீழே இறக்கிவிடுங்கள். பிள்ளைகள் விளையாடும் இடம், வண்டி ஸ்டாண்டில் நிற்க வேண்டாம்.

செவ்வாய்

அத்தான், மாலை 6:50
(படம்) தம்பி வாங்கி வந்த புதுப் பின், சிலிக்கோன் கிரீஸ், புது உறை. இரண்டு பக்கமும் முடிந்தது. இப்போது கேலிபர் ஒரு விரலால் தள்ளினாலே நகர்கிறது மாமா. வலது பக்கப் பின்களும் சுத்தம் செய்து கிரீஸ் போட்டேன்.

பெரிய மாமா, 6:53
வண்டியை நகர்த்தும் முன் பிரேக்கை மிதியுங்கள். முதலில் தரை வரை போகும், பயப்படாதீர்கள். கல் மாதிரி இறுகும் வரை மிதியுங்கள். அப்புறம் ஆயில் அளவு பாருங்கள். குறைந்திருந்தால் மூடியில் எழுதியிருக்கும் அதே டாட் (DOT) நம்பர், சீல் உடைக்காத புது டப்பா. பழைய டப்பா காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்திருக்கும்.

அத்தான், 7:40
உள் தெருக்களில் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். வேகத்தைக் குறைத்துக் குறைத்து ஏழெட்டு தடவை மென்மையாகப் பிடித்தேன். சத்தம் இல்லை, எந்தப் பக்கமும் இழுக்கவில்லை.

அம்மா, 7:42
வயிற்றில் பாலை வார்த்தீர்கள் மாப்பிள்ளை. அண்ணா, நீங்களும்தான்.

பெரிய மாமா, 7:45
முதல் சில நூறு கிலோமீட்டர் கடுமையாகப் பிடிக்க வேண்டாம், பேடு டிஸ்க்கோடு படியட்டும். ஞாயிறு வீல் நட்டுகளை ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

அக்கா, 7:47
சரி மாமா. ஞாயிறு நட்டு பார்த்துவிட்டு ஸ்டாண்டோடு ஆதம்பாக்கம் வருகிறோம். உங்கள் வண்டியும் அந்த மழையில் நின்றதுதானே?