மழையில் பின்சக்கர டிரைவ் கார்: சென்னையில் ஓட்டிப் பழகி வெளிநாடு போனவர்களுக்கு

கேள்வி

வேளச்சேரியிலிருந்து ஜெர்மனியில இருக்கிற ஸ்டுட்கார்ட் வந்து மூணு மாசம் ஆகுது. செகண்ட் ஹேண்டில் பிஎம்டபிள்யூ 320ஐ (320i) வாங்கியிருக்கேன். ரோடு நனைஞ்சிருந்தா சிக்னல்ல திரும்பும்போது டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மின்னுது, பின்பக்கம் லேசா விலகுற மாதிரி இருக்கு. சென்னை மழையில எட்டு வருஷம் ஸ்விஃப்ட் ஓட்டியும் இது புதுசா இருக்கு. என்ன செய்யணும்னு விவரமா சொல்லுங்கண்ணா.

பதில்

தம்பி, அந்த விளக்கு மின்னினால் கோளாறு இல்லை. பின் டயர் பிடிப்பை விட்டது, டிஎஸ்சி (வண்டி வழுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) இன்ஜினைக் குறைத்தோ ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்தோ சமாளித்தது என்று அர்த்தம். மின்னாமல் நிலையாக எரிந்தால்தான் யாரோ அணைத்திருக்கிறார்கள், அல்லது பழுது. அந்த டிஎஸ்சி பட்டனை ஒரு தட்டு தட்டினாலே டிடிசி என்ற தளர்வான நிலைக்குப் போய்விடும், பின் சக்கரம் கூடுதலாகச் சுழல இடம் கொடுக்கும். சில விநாடி அழுத்திப் பிடித்தால் முழுக்க அணைந்துவிடும். மழையில் அந்தப் பட்டன் பக்கமே கை போகக் கூடாது.

சென்னை மழை நமக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு பாடம். உங்கள் வேளச்சேரியிலேயே தண்ணீர் முழங்காலளவு நிற்கும்; முதல் கியரில், ஆக்ஸிலேட்டரை விடாமல், சைலன்ஸருக்குள் தண்ணீர் ஏறாமல் ஊர்ந்து வெளியே வருவோம். கவலையெல்லாம் இன்ஜினைப் பற்றித்தான். ஜெர்மனியில் தண்ணீர் அப்படி நிற்காது. ரோட்டின் மேல் மெல்லிசாக ஒரு படலம், அதன் மேல் வண்டி 100 கி.மீ. வேகத்தில். அங்கே கவலைப்பட வேண்டியது டயரைப் பற்றி. இனோவா கிரிஸ்டா, மாருதி ஈகோ, டாடா ஏஸ் எல்லாம் பின்சக்கரம் தள்ளுகிற வண்டிகள்தான். ஊருக்குள் 40-ஐத் தாண்டாததால் அந்தக் குணம் நம் கண்ணில் படுவதில்லை.

ஒரு டயரிடம் உள்ள பிடிப்புக்கு ஓர் அளவு உண்டு. வண்டியைத் தள்ளவும், வளைவில் பக்கவாட்டில் தாங்கவும் அதே பிடிப்பைத்தான் பங்கு போட்டாக வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் 0.8 அளவில் இருக்கும் உராய்வு ஈரத்தில் 0.5 பக்கம் இறங்கிவிடும். உங்கள் வண்டியில் இன்ஜினின் விசை முழுவதும் பின் டயருக்குப் போகிறது. திரும்பும்போது ஆக்ஸிலேட்டரை அதிகமாக மிதித்தால் தள்ளுவதிலேயே பிடிப்பு தீர்ந்துவிடும். பக்கவாட்டில் தாங்க மிச்சம் இருக்காது. வால் வெளியே போகும்.

இதைவிட ஆபத்தானது இன்னொன்று. வளைவில் வேகம் கூடிவிட்டது என்று பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைப் பட்டென்று எடுப்பது. முன்சக்கரம் இழுக்கிற ஸ்விஃப்டில் அது நன்மை செய்யும்: எடை முன்னே சாயும், முன் டயருக்குப் பிடிப்பு கூடும், மூக்கு உள்ளே திரும்பும். பின்சக்கர வண்டியில் எடை முன்னே சாய்ந்த அதே நொடியில் பின் டயர்கள் லேசாகின்றன. இன்ஜின் பிரேக்கிங்கும் அந்த லேசான டயர்களையே பிடித்து இழுக்கிறது. எட்டு வருஷப் பழக்கம் காலில் ஊறியிருக்கும் என்பதால், முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். காலை எடுக்கலாம், ஆனால் பாத்திரத்திலிருந்து எண்ணெய் ஊற்றுகிற நிதானத்தில். மேனுவல் கியராக இருந்தால் கீழ் கியருக்கு வந்து கிளட்சைச் சடாரென்று விடுவதும் இதே கெடுதலைச் செய்யும். பின்சக்கர மோட்டார் உள்ள மின்சாரக் காரில் காலை எடுத்ததும் வரும் ரீஜென் பிரேக்கிங்கும் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது) பின் சக்கரத்தில்தான், அதனால் மழையில் அதைக் குறைவாக வைக்க வசதி இருந்தால் வையுங்கள்.

பின்பக்கம் நழுவ ஆரம்பித்துவிட்டால்:

பிரேக்கைத் தொடாதீர்கள். கால் மெதுவாக மேலே வரட்டும். வண்டி எங்கே போக வேண்டுமோ அங்கே பாருங்கள். டிவைடரைப் பார்த்தால் கை டிவைடருக்கே கொண்டுபோகும். பின்பக்கம் வலது பக்கம் வீசினால் ஸ்டீரிங்கையும் வலது பக்கம், இடது என்றால் இடது. கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடங்களில் கைகள் இருந்தால், விடாமல் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பலாம். பலர் தோற்பது இதற்கு அடுத்த நொடியில். பின் டயர் பிடித்துக்கொண்டதும் வால் வேகமாக உள்ளே வரும். அப்போது ஸ்டீரிங் இன்னும் திரும்பியே இருந்தால் வண்டி எதிர்ப்பக்கம் வீசும், முதல் வீச்சைவிடப் பலமாக. வால் திரும்பி வரத் தொடங்கும்போதே, முழுவதும் வந்து சேரும் முன்பே, நேராக்க ஆரம்பித்துவிட வேண்டும். அதையும் மீறிச் சுழன்றுவிட்டால் சண்டை போடாமல் பிரேக்கை முழுக்க மிதியுங்கள், கிளட்ச் இருந்தால் அதையும் சேர்த்து.

இந்த நிலைக்கே வராமல் இருக்க ஒரு வழக்கம்: ஸ்டீரிங் எவ்வளவு நேராகிறதோ அவ்வளவுதான் ஆக்ஸிலேட்டர். ஆட்டோபானில் (ஜெர்மனியின் விரைவுச் சாலை) ஏறும் பாதைகள் பல, கத்திப்பாரா மேம்பாலத்து லூப் மாதிரி சுருண்டு வரும். வேகம் கூட்டும் அவசரத்தில் லூப்பின் நடுவிலேயே மிதித்தால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒரு கியர் கீழே இறங்கும், டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் விசை) மொத்தமாகப் பின் டயரில் விழும். சக்கரம் நேரான பிறகு மிதியுங்கள், சேர்வதற்கான லேன் அதற்காகத்தான் நீளமாக இருக்கிறது. மழையில் ஸ்போர்ட் மோடு வேண்டாம், ஈகோ ப்ரோ மோடு இருந்தால் ஆக்ஸிலேட்டர் மென்மையாகும். க்ரூஸ் கன்ட்ரோலும் வேண்டாம். மேனுவலில் இரண்டாம் கியரில் கிளம்பிப் பாருங்கள்.

வெள்ளைக் கோடு, டிராம் தண்டவாளம், மேன்ஹோல் மூடி, பாலத்து இரும்பு இணைப்பு, இலையுதிர்காலத்தில் நனைந்த இலைக்குவியல் இவற்றின் மேல் திரும்பவோ மிதிக்கவோ வேண்டாம். பல நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையின் முதல் அரை மணி நேரம் இன்னும் மோசம், எண்ணெய்யும் ரப்பர் தூளும் சேர்ந்து சோப்பு நுரை போல ஆகிவிடும். ஆட்டோபான் வேகப் பலகைக்குக் கீழே 'பை நெஸ்ஸ' என்று எழுதியிருந்தால் ரோடு ஈரமாக இருக்கும்போது அந்த வேகம்தான் வரம்பு.

இன்னொரு பதில்

அண்ணன் சொன்னதெல்லாம் சரி. டயரைப் பற்றி நான் சேர்க்கிறேன், ஏனென்றால் பாதிப் பிரச்சினை அங்கேதான்.

செகண்ட் ஹேண்ட் பிஎம்டபிள்யூ வாங்கினவர்கள் வெளியே நின்று பார்த்துவிட்டு 'பட்டன் (டயரின் மேல் வரிப்பள்ளம்) நல்லா இருக்கு' என்று விட்டுவிடுவார்கள். இந்த வண்டிகளில் பின் சக்கரம் மேல்பக்கம் கொஞ்சம் உள்ளே சாய்ந்திருக்கும், அதனால் டயர் உள் ஓரத்தில் முதலில் தேயும். குனிந்து, டார்ச் அடித்து, கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். வெளி ஓரம் 5 மி.மீ. இருக்க, உள் ஓரம் மொட்டையாக இருக்கலாம். அப்படி இருந்தால் டயரோடு சேர்த்துப் பின்பக்க அலைன்மென்டும் பார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் புது டயரும் அதே மாதிரி போகும்.

பட்டன் ஆழம் சட்டப்படி குறைந்தது 1.6 மி.மீ., இந்தியாவிலும் அதே அளவுதான். மழைக்கு அது போதாது, 3 மி.மீ. வந்ததும் மாற்றிவிடுங்கள். 1 யூரோ நாணயத்தின் பொன்னிற விளிம்பு 3 மி.மீ.; பள்ளத்தில் செருகினால் விளிம்பு மறைய வேண்டும். அமெரிக்காவில் இருப்பவர்கள் குவார்ட்டரைத் தலைகீழாகச் செருகுங்கள், வாஷிங்டன் தலை உச்சி முழுதாகத் தெரிந்தால் பட்டன் 3 மி.மீ. பக்கம் வந்துவிட்டது. டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) எழுத்துகளுக்குப் பின் வரும் நான்கு இலக்கத்தையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் தயாரானது. பட்டன் இருந்தாலும் பழைய ரப்பர் இறுகி, ஈரத்தில் பிடிக்காது.

காற்று விஷயம். தேங்கிய தண்ணீரில் டயர் மிதக்க ஆரம்பிக்கும் வேகத்துக்கு, விமான டயர்களை வைத்து நாசா கண்ட ஒரு கணக்கு உண்டு: பிஎஸ்ஐ அளவின் வர்க்கமூலத்தை 16.6-ஆல் பெருக்கினால் கி.மீ. வேகம். 36 பிஎஸ்ஐ என்றால் 100 கி.மீ. பக்கம், 25 என்றால் 83. காருக்கு இது தோராயம்தான். பட்டன் தேய்ந்த அகல டயர் அதற்கு முன்பே மிதக்கும். ஸ்டுட்கார்ட் பம்பில் பார் கணக்கு, 2.5 பார் சுமார் 36 பிஎஸ்ஐ. டிரைவர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள அளவை டயர் சூடாகும் முன் வையுங்கள். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் 2 பிஎஸ்ஐ வரை குறையும்.

மிதக்கும்போது ஸ்டீரிங் திடீரென்று எடையில்லாமல் போகும், ஆர்பிஎம் முள் மட்டும் ஏறும். அப்போது திருப்பவும் வேண்டாம், பிரேக்கும் வேண்டாம். நேராகப் பிடித்து, காலை மெதுவாக எடுத்துக் காத்திருங்கள். சக்கரம் திரும்பிய நிலையில் பிடிப்பு வந்தால் வண்டி அந்தப் பக்கம் பாயும்.

கேள்வி

ரொம்ப நன்றிங்க. டயர்ல உள் ஓரம் நிஜமாவே தேஞ்சிருக்கு, பின்னாடி ரெண்டையும் மாத்திடறேன். எக்ஸ்டிரைவ் வாங்கியிருந்தா இந்தத் தொல்லை இருந்திருக்காதோ? பனி வந்தா என்ன பண்றது? வீட்டுக்காரம்மாவும் இதைத்தான் ஓட்டப்போறாங்க.

பதில்

எக்ஸ்டிரைவ் என்பது பிஎம்டபிள்யூவின் நான்கு சக்கர டிரைவ். நான்கு சக்கரமும் தள்ளினால் கிளம்புவது சுலபம். பிரேக் போட்டு நிற்பதிலும், வேகமாக வளைவுக்குள் வந்துவிட்டால் தாங்குவதிலும் இரண்டும் ஒன்றுதான். எக்ஸ்டிரைவில் தேய்ந்த டயரோடு போகிறவரைவிட நல்ல டயரோடு போகும் நீங்கள் பத்திரம்.

7 டிகிரிக்குக் கீழே சம்மர் டயர் இறுகிவிடும். அங்கே 'அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை' என்று ஒரு வழக்கம் சொல்வார்கள். ஜெர்மனியில் பனியிலும் ஐஸிலும் ஓட்ட, மலையும் பனிச்செதிலும் சேர்ந்த சின்னம் பொறித்த டயர் கட்டாயம். 2024 அக்டோபரிலிருந்து வெறும் எம்+எஸ் (சேறு, பனி என்று குறிக்கும் M+S) எழுத்து மட்டும் செல்லாது. கனடாவில் கியூபெக் போகிறவர்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். வின்டர் டயரை நான்காகவே மாட்டுங்கள். பின்னாடி மட்டும் மாட்டினால் முன்பக்கம் திரும்பாது, நிற்காது.

சம்மர் டயரை இரண்டிரண்டாக மாற்றும்போது, எந்த டிரைவ் ஆனாலும் புதுசு பின்பக்கம்தான். முன்பக்கம் வழுக்கினால் வேகம் குறைந்ததும் திரும்பிவிடும், பின்பக்கம் வழுக்கினால் சுழலும். உங்கள் வண்டியில் முன்னும் பின்னும் வேறு அளவாக இருந்தால் மாற்றிப் போட வழியில்லை, முதலில் அளவைப் படித்துப் பாருங்கள்.

வீட்டில் இரண்டு பேரும் அடாக் (ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கம்) நடத்தும் பாதுகாப்பு ஓட்டுநர் பயிற்சிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். தண்ணீர் விட்ட வழுக்குத் தளத்தில், இடிக்க எதுவும் இல்லாத இடத்தில், வால் வீசுவதை உடம்பால் தெரிந்துகொள்ளலாம். உங்கள் வண்டியையே கொண்டுபோங்கள். டயரை மாற்றி, காற்றைச் சரி பார்த்து, டிக்கியில் உருளுகிற சாமான்களை வீட்டில் வைத்துவிட்டு. நீங்கள் ஓட்டும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதாது, அவரும் ஸ்டீரிங்கைப் பிடிக்க வேண்டும்.