ஃபோனோடாக்டிக்ஸ்: தமிழில் என்ன சொல்வது? வியாழனுக்குள் வேண்டும்

தக்கலை, திங்கள் காலை

எல்லாருக்கும் வணக்கம். வியாழன் சாயங்காலம் வகுப்புக்கான பாடத்தாளை நகல் எடுக்கக் கொடுக்க வேண்டும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

விடுமுறை வகுப்பில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு மொழி உண்டாக்குகிறார்கள். பாகுபலியில் காலகேயர் பேசும் கிலிக்கியை மதன் கார்க்கி உண்டாக்கினார் என்று தெரிந்ததிலிருந்து வந்த ஆசை. இப்படி உண்டாக்கும் மொழிக்குப் 'புனைமொழி' என்று முதல் தாளிலேயே போட்டுவிட்டேன், அதை இனி மாற்ற முடியாது. அவர்கள் மொழிக்கு வைத்திருக்கும் பெயர் 'ஙோமி'.

சனிக்கிழமை ஒரு பெண் 'மழை'க்கு 'ஙட்ரிக்' என்று சொல் வைத்தாள். மற்றவர்கள் ஒரே குரலில், "அது நம்ம மொழி மாதிரி இல்லை" என்றார்கள். ஏன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. விதி காதில் இருக்கிறது, அதற்குப் பெயர்தான் இல்லை. ஒரு மொழியில் எந்த ஒலி சொல்லின் முதலில் வரும், எது கடைசியில் நிற்கும், எதன் பக்கத்தில் எது வரும் என்பதையெல்லாம் சேர்த்து ஃபோனோடாக்டிக்ஸ் என்கிறார்கள். ஒரு தடவை கேட்டதும் பிள்ளைக்குப் பிடிபடுகிற மாதிரி ஒரு தமிழ்ச்சொல் தாருங்கள்.

கோட்டாறு, திங்கள் மதியம்

டீச்சர், சொல் இருக்கிறது. மெய்ம்மயக்கம். தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தைத் திறந்தால் போதும். ஒரே மெய் இரட்டித்தால் உடனிலை, வேறு மெய்யோடு கூடினால் வேற்றுநிலை. "மெய்ந்நிலைச் சுட்டின் எல்லா எழுத்தும் தம்முன் தாம்வரூஉம் ரழஅலங் கடையே." பக்கம் என்போம், பட்டம் என்போம், ரகரமும் ழகரமும் மட்டும் இரட்டிக்காது. பிள்ளைகள் காதில் உணர்ந்தது இதைத்தான்.

இந்த நூல் அரங்கேறியது அதங்கோட்டாசான் முன்னிலையில் என்று பாயிரம் சொல்கிறது. அதங்கோடு நம் விளவங்கோடு வட்டத்து ஊர். அந்த மண்ணில் இருந்துகொண்டு இதற்கு வெளியே சொல் தேடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நாகர்கோவில், திங்கள் இரவு

மென்பொருள் மொழிபெயர்ப்பில் பத்து வருஷம் ஓட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன். மெய்ம்மயக்கம் என்று திரையில் போட்டால் ஒருவருக்கும் புரியாது. என் மகள் ஆறாம் வகுப்பு. அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "மெய்யெழுத்துக்கு ஏன் மயக்கம் வருது?" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. இன்று மயக்கம் என்றால் ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். பேசாமல் 'ஒலி விதி' என்று போடுங்கள், இல்லையென்றால் ஃபோனோடாக்டிக்ஸ் என்றே எழுதுங்கள். பஸ், டிக்கெட் எல்லாம் நாம் அப்படித்தானே எடுத்துக்கொண்டோம்.

கோட்டாறு, செவ்வாய் காலை

மயங்குதல் என்றால் கலத்தல். திணை மயக்கம் என்று பள்ளியில் படிக்கவில்லையா? பொருள் மறந்துபோன சொல்லைச் சொல்லித்தான் பிழைக்கவைக்க வேண்டும். தூக்கிப் போட்டால் அந்தப் பொருளும் அதோடு போய்விடும்.

மார்த்தாண்டம், செவ்வாய் மதியம்

ஐயா, மெய்ம்மயக்கம் அழகான சொல், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அது மெய்யும் மெய்யும் கூடுவதை மட்டும்தான் சொல்லும். தமிழ் இலக்கணப்படி பார்த்தால் ஙட்ரிக்கில் மூன்று இடம் இடறுகிறது. முதலில் ங, நடுவில் ட்ர், கடைசியில் க். நடுவில் உள்ளதுதான் மெய்ம்மயக்கம். முதலாவது மொழிமுதல், அதாவது சொல்லின் தொடக்கம், "பன்னீர் உயிரும் மொழிமுதல் ஆகும்" என்று தொடங்கும் பகுதி. கடைசி, மொழியிறுதி, அங்கே மெய்களில் பதினொன்றுக்குத்தான் இடம், வல்லினத்துக்கு இடமே இல்லை. நன்னூலும் எழுத்திலக்கணத்தின் பன்னிரண்டு பகுதிகளில் முதல், ஈறு, இடைநிலை என்று மூன்றையும் தனித்தனியாகத்தான் எண்ணுகிறது. மூன்றுக்கும் சேர்த்து ஒரு பெயர் வேண்டும்.

புனைமொழி செய்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் உண்டாக்கிய குவெனியா மொழியைப் பாருங்கள். நாம் 'தங்கம்' என்னும்போது நடுவில் வருகிற அழுத்தமான ககர ஒலி அதில் ஙகர ஒலிக்குப் பின்னால் மட்டும்தான் வரும். தனியாகச் சொல்லைத் தொடங்காது. அந்த ஒரு கட்டுப்பாடே மொழிக்கு முகம் கொடுக்கிறது. மார்க் ஓக்ராண்ட் 1985-இல், 'ஸ்டார் ட்ரெக்' படங்களில் வரும் கிளிங்கன் மொழிக்கு அகராதியே போட்டார். அதில் எந்த அசையும் உயிரில் தொடங்குவதில்லை, கேட்டாலே கரடுமுரடாக இருக்கும். பன்னிரண்டு உயிரையும் வாசலில் நிற்கவைத்த தமிழுக்கு நேர் எதிர். இன்னொரு பக்கம், எல்லா நாட்டாருக்கும் பொது மொழியாக ஸமென்ஹாஃப் 1887-இல் எஸ்பெராண்டோவை வெளியிட்டபோது பதினாறு விதிகள் கொடுத்தார். எந்த ஒலி எதன் அருகே நிற்கலாம் என்று அவற்றில் ஒன்றுகூட இல்லை. 'அறிதல்' என்பதற்கு அவர் வைத்த சொல்லை 'ஸ்த்ஸி-இ' என்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் நாக்கு என்ன பாடுபடும்!

'ஒலிவரம்பு' எப்படி? வயலுக்கு வரம்பு மாதிரி.

கோட்டாறு, செவ்வாய் இரவு

வரம்பு என்றால் எல்லை. இது எல்லை இல்லையே மக்களே, சேர்க்கை. அதோடு ஒலி என்று ஏன்? எழுத்து என்று சொல்லுங்கள். தொல்காப்பியர் எழுத்து என்றது ஒலியைத்தான். 'எழுத்தமைதி' என்றால் ஒத்துக்கொள்வேன்.

ஙகரத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ளாதீர்கள் என்றும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அங்ஙனம், இங்ஙனம், எங்ஙனம் என்பவற்றில் அது முதலாகும் என்று நன்னூல் இடம் கொடுத்திருக்கிறது. "இங்ஙன வா" என்று நம் ஊரில் தினமும் கூப்பிடுகிறோம்.

மார்த்தாண்டம், புதன் காலை

'எழுத்து' இங்கே சரிப்படாது ஐயா. ஙோமிக்கு இன்னும் எழுத்தே கிடையாது, வாயில் மட்டும்தான் இருக்கிறது. நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் விளவங்கோடு பக்கத்தில் பெரியவர்கள் 'காற்று' என்னும்போது நாக்கு பல்லையும் தொடாது, உள்ளே அண்ணத்துக்கும் வளையாது, ஈறுக்கு மேலே தட்டும். மற்ற பக்கம் போனால் 'காத்து'. எழுதுவது ஒன்று, ஒலி இரண்டு. வகுப்பில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்களிடம் எழுத்து என்றால் நோட்டைத்தான் பார்ப்பார்கள்.

தக்கலை, புதன் காலை

இருக்கிறார்கள். இதே 'காற்று' என்ற சொல்லில் போன வாரம் அரை மணி நேரம் போயிற்று! 'ஒலி' என்பதை நான் முடிவு செய்துகொள்கிறேன். பின்பாதி சொல்லுங்கள்.

தோவாளை, புதன் மதியம்

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பூ கட்டுகிறோம். மாலை தொடுக்கும்போது எந்தப் பூவும் எங்கேயும் வராது. அரளிக்குப் பக்கத்தில் எது, தொடக்கத்தில் எது, முடிச்சில் எது என்று கைக்குத் தெரியும். மாறினால் கண் உறுத்தும். ஙட்ரிக் அந்தப் பிள்ளைகளின் காதில் உறுத்தியதும் இதே மாதிரிதான். ஆகவே 'ஒலித்தொடை'.

தொடு என்ற வேரின் வளத்தையும் பாருங்கள். தொடர், தொடங்கு, தொடுப்பு, சங்க இலக்கியத்து மாலையான தொடலை. "தொட்டனைத் தூறும் மணற்கேணி" என்ற குறளில் தொடுதல் என்றால் தோண்டுதல். அப்படியானால் தோண்டிப் பூ வளர்க்கும் தோட்டமும் இந்த வேர்தானோ, பூவின் இதழான தோடும் இதுதானோ, அதைப் போல் காதில் போடுகிற தோடும்…

நாகர்கோவில், புதன் சாயங்காலம்

அண்ணாச்சி, தோட்டத்திலிருந்து வெளியே வாருங்கள், நாளைக்கு வியாழன். பூ உவமை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தொடை என்றால் பிள்ளைகள் காலைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார்கள்.

கோட்டாறு, புதன் இரவு

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை என்று தொடை யாப்பில் ஏற்கெனவே குடியிருக்கிறது. அதே பெயரை எழுத்திலக்கணத்துக்கும் வைத்தால் நாளைக்குப் படிக்கிறவன் குழம்புவான். மெய்ம்மயக்கத்தில் குழப்பம் வரும் என்று சொன்னவர்கள் இதைக் கவனியுங்கள்.

மார்த்தாண்டம், புதன் இரவு

அப்படியானால் 'ஒலித்தொடுப்பு'. யாப்போடு மோதாது, சிரிப்பும் வராது, முதல், நடு, கடைசி மூன்றும் ஒரு தொடுப்புக்குள் வந்துவிடும். ஒலிவரம்பை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

தோவாளை, வியாழன் காலை

எனக்குச் சம்மதம். தோடு பற்றித் தனியாக எழுதுகிறேன்.

நாகர்கோவில், வியாழன் காலை

'ஒலி விதி'தான் நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன். ஒலித்தொடுப்பைப் பிள்ளைக்கு விளக்க வேண்டும், ஒலி விதியை விளக்க வேண்டாம். ஆனால் தாள் நிற்கக் கூடாது, போடுங்கள்.

தக்கலை, வியாழன் மதியம்

காலையில் ஒலித்தொடுப்பு, மெய்ம்மயக்கம், ஒலி விதி மூன்றையும் பலகையில் எழுதிப் போட்டேன். 'ஒலி விதி' என்றால் உச்சரிப்பு விதியா என்று இரண்டு பேர் கேட்டார்கள். மெய்ம்மயக்கத்தை யாரும் தொடவில்லை. ஒலித்தொடுப்பு என்றதும், ஙட்ரிக் சொன்ன அதே பெண், "அப்போ என் சொல் தொடுப்பில் நிற்காது, ஙட்டிரி என்று மாற்றிக்கொள்கிறேன்" என்றாள். நான் எதுவும் விளக்கவில்லை. தாளில் ஒலித்தொடுப்பு என்று போய்விட்டது. எல்லாருக்கும் நன்றி.

கோட்டாறு, வியாழன் இரவு

அந்தப் பிள்ளை மாற்றியது சரியான மாற்றம். டகரம் இரட்டித்தது, கடைசி வல்லினம் போய் உயிர் வந்தது. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். ஆனால் டீச்சர், 'ட்ட' என்று அவள் செய்ததற்குப் பெயர் உடனிலை மெய்ம்மயக்கம். அடுத்த தாளிலாவது அந்த நூற்பாவை ஒரு ஓரத்தில் அச்சிடுங்கள். ஒலித்தொடுப்புக்கு நான் உடன்படவில்லை என்பதையும் பதிந்துவைக்கிறேன்.