கறுப்பு வெள்ளை பிரிண்ட் பச்சை அடிக்கிறது, அவசரம்

வைகை_லென்ஸ்:
பாட்டி படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி வீட்டிலேயே பிரிண்ட் போட்டேன். திரையில் சுத்தமாக இருக்கிறது, தாளில் பச்சை அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஃபிரேம் கடையில் கொடுக்க வேண்டும். என்ன செய்யலாம்?

செல்வா_73:
என்ன பிரிண்டர்? என்ன பேப்பர்? எதிலிருந்து பிரிண்ட் கொடுக்கிறீர்கள்?

நிழல்காரன்:
நாஸில் (மை பீய்ச்சும் துளை) அடைப்புதான். மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) மை சரியாக இறங்காவிட்டால் பச்சைதான் வரும். பிரிண்டரில் நாஸில் செக் கொடுத்து சோதனைக் கோடுகளைப் பாருங்கள்.

வைகை_லென்ஸ்:
எடுத்தேன், கோடு எல்லாம் முழுசாக இருக்கிறது. நாலு பாட்டில் இங்க் டேங்க், கிளாஸி பேப்பர்.

இருட்டறை:
இது பலமுறை பேசியாயிற்று, தேடிவிட்டுக் கேட்கலாம். சாம்பல் மை இல்லாத பிரிண்டர் சயான் (நீலப்பச்சை), மெஜந்தா, மஞ்சளைக் கலந்துதான் சாம்பலை உண்டாக்குகிறது. கலவை துளி பிசகினாலும் சாயம் தெரியும். சில மாடல்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் (கரையாத நிறத்துகள் உள்ள மை). அது கிளாஸியில் பிடிக்காது, அதனால் ஃபோட்டோ பேப்பர் என்று கொடுத்தால் கறுப்பையே தொடாது. இதில் அக்கறை உள்ளவர்கள் எப்சன் பி700 மாதிரி சாம்பல் மை உள்ளதை வாங்குவார்கள்.

செல்வா_73:
ஒரு படத்துக்கு அவ்வளவு செலவு எதற்கு சார்? வைகை, டிரைவரில் (கணினியில் பிரிண்டர் அமைப்பு) கிரேஸ்கேல், அதாவது கறுப்பு வெள்ளை மட்டும், போட்டு, பளபளப்பில்லாத மேட் பேப்பரில் எடுத்துப் பாருங்கள். வெளிர் பகுதியில் புள்ளி தெரியலாம், சாயம் குறையும். கலர் மேனேஜ்மென்ட் (நிறத்தைச் சரிசெய்யும் வேலை) மென்பொருளிலோ டிரைவரிலோ ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும். மை நன்றாகக் காய்ந்தபின் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப்லைட்டில் அதே பிரிண்ட் வேறு நிறம் காட்டலாம்.

நிழல்காரன்:
ஃபோட்டோ லேப்பில் கொடுத்தால் வேலை முடிந்தது.

இருட்டறை:
லேப்பிலும் பெரும்பாலும் கலர் பேப்பர்தான், அங்கேயும் சாயம் வரலாம். சில்வர் ஜெலட்டின் தாளில் (வெள்ளி உப்பு பூசிய பழைய ஃபோட்டோ தாள்) இருட்டறையில் கையால் கழுவிய கறுப்பு இங்க்ஜெட்டில் வரவே வராது.

செல்வா_73:
பாரைட்டா தாளில் (பேரியம் சல்ஃபேட் பூசிய தாள்) நல்ல பிக்மென்ட் பிரிண்ட் பார்த்திருக்கிறீர்களா? பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இருட்டறை:
பார்த்தேன். சாய்த்துப் பிடித்தால் மை மேலே தனியாக மினுங்குகிறது.

செல்வா_73:
கண்ணாடி போட்டு மாட்டினால் அது தெரியாது.

வைகை_லென்ஸ்:
கிரேஸ்கேல், மேட் பேப்பர். பச்சை போய்விட்டது, நன்றி. ஆனால் புடவை மடிப்பெல்லாம் இருட்டாக வருகிறது.

செல்வா_73:
மானிட்டர் வெளிச்சம் அதிகமாக இருக்கும், பாதியாகக் குறையுங்கள். மென்பொருளில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸில் நிழல் பகுதியைக் கொஞ்சம் ஏற்றி, அதே பேப்பரில் புடவைப் பகுதியை மட்டும் சின்னத் துண்டாக எடுத்துப் பார்த்துவிட்டு முழுப் படம் போடுங்கள். வந்ததா?