மறு: கிளைத்த பட்டியலுக்குள் சார்பைச் செலுத்துவதற்குத் தமிழில் என்ன சொல்?

வணக்கம் நண்பர்களே,

ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில், பட்டியலுக்குள் பட்டியலாக இருக்கும் தரவின்மேல் ஒரு சார்பை (ஃபங்ஷன்) ஓட்டும் ஆர்-அப்ளை என்ற கருவியின் வேலைக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மேலிருந்து ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ரிகர்சிவ் என்பதற்குப் பாடநூலில் தற்சுழற்சி என்று இருக்கிறது. அப்ளை என்றால் பிரயோகம். இரண்டையும் சேர்த்து "தற்சுழற்சிப் பிரயோகம்" என்று வைத்தால் வேலை முடிந்தது.

முடியாது ஐயா. தற்சுழற்சி (ஒரு சார்பு தன்னைத்தானே அழைப்பது) என்பது நல்ல சொல், பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் படித்த பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல், அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் ஆர் மொழியில் ஆர்-அப்ளை என்ற சார்பைக் கூப்பிடுகிறவர் தற்சுழற்சி எதையும் எழுதுவதில்லை. அவர் கையில் இருப்பது சராசரி காணும் சாதாரணச் சார்பு. பட்டியலுக்குள் பட்டியலாக இறங்கிப் போவது ஆர்-அப்ளையின் உள்வேலை, அது எப்படி இறங்குகிறது என்பது கூப்பிடுகிறவருக்குத் தேவையே இல்லை. அதே வேலையைத் தற்சுழற்சி இல்லாமல் ஓர் அடுக்கை (ஸ்டாக்) வைத்துக்கொண்டு வெறும் மடக்காகவும் (லூப்) எழுதலாம், விடை மாறாது. "தற்சுழற்சிப் பிரயோகம்" என்று தலைப்பு வைத்துப் பாடம் நடத்தினால் மாணவர் முதலில் கேட்கப்போவது "என் சார்பு தன்னைத்தானே அழைக்க வேண்டுமா?" என்றுதான்.

என் கட்சி இதுதான்: சார்பு எப்படிப் போகிறது என்பதை விட்டுவிட்டு எங்கே போய்ச் சேர்கிறது என்பதை வைத்துப் பெயர் சூட்டுவோம். ஏன் என்பதற்கு எல்லாரும் தங்கள் கணினியில் ஓட்டிப் பார்க்கக்கூடிய ஒரு உதாரணம் தருகிறேன்.

ஆர் நிறுவினாலே கூட வருகிற தரவுத்தொகுப்புகளில் ஏர்குவாலிட்டி ஒன்று. நியூயார்க்கில் 1973 மே முதல் செப்டம்பர் வரை நாள்தோறும் எடுத்த அளவீடுகள், 153 வரிசை, 6 நிரல் (மேலிருந்து கீழாக ஓடும் பத்தி): ஓசோன், சூரியக் கதிர்வீச்சு, காற்றின் வேகம், வெப்பநிலை, மாதம், தேதி. இதை ஸ்ப்ளிட் என்ற சார்பைக் கொண்டு மாதவாரியாகப் பிரித்தால் ஐந்து உறுப்புள்ள ஒரு பட்டியல் கிடைக்கும். ஒவ்வோர் உறுப்பும் ஒரு தரவுச்சட்டகம் (வரிசையும் நிரலும் கொண்ட அட்டவணை). தரவுச்சட்டகமே ஆரில் ஒரு பட்டியல்தான், நிரல்கள் அதன் உறுப்புகள். ஆக, பட்டியலுக்குள் பட்டியல், அடியில் முப்பது வெக்டர்கள் (ஒரே வகை மதிப்புகளின் தொடர்).

இதன்மேல், பட்டியலின் ஒவ்வோர் உறுப்பிலும் ஒரு சார்பை ஓட்டும் எல்-அப்ளை கொண்டு சராசரியைச் செலுத்திப் பாருங்கள். ஐந்து என்.ஏ (விடுபட்ட மதிப்பு) வரும், கூடவே "எண்ணோ தருக்க மதிப்போ இல்லை" என்ற எச்சரிக்கையும் வரும். சார்பு மாதத்தோடு நின்றுவிட்டது, ஒரு முழுத் தரவுச்சட்டகத்தை அதனிடம் நீட்டினால் பாவம் அது என்ன செய்யும். இப்போது எல்-அப்ளையை எடுத்துவிட்டு ஆர்-அப்ளையைப் போடுங்கள், விடுபட்ட மதிப்புகளை நீக்கச் சொல்லுங்கள், வெளியீட்டைப் பட்டியலாகவே தரச் சொல்லுங்கள். முப்பது சராசரிகள் கிடைக்கும். மே மாத ஓசோன் 23.6, ஆகஸ்ட் 59.96, ஜூன் 29.4 (ஜூனில் முப்பது நாளுக்கு ஒன்பது நாள் ஓசோன் அளவு மட்டும்தான் இருக்கிறது, அதனால் அந்த எண்ணை அதிகம் நம்ப வேண்டாம்). மாறியது ஒன்றே ஒன்று, சார்பு போய்ச் சேர்ந்த இடம். முதலில் மாதத்தில் நின்றது, அப்புறம் நிரல் வரை இறங்கியது. பெயர் இந்த வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும், வேறு எதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இதைச் சொல்லத் தமிழில் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது, புதிதாக எதையும் உருக்கி வார்க்க வேண்டியதில்லை. "தோறும்". வீடுதோறும், ஊர்தோறும், மாதந்தோறும். எந்தப் பெயர்ச்சொல்லோடும் ஒட்டும், ஒட்டியவுடனே "இந்த வகையில் உள்ள ஒன்றையும் விடாமல்" என்ற பொருள் வந்துவிடும். எல்-அப்ளை செய்வது உறுப்புதோறும் செலுத்தல், ஆர்-அப்ளை செய்வது இலைதோறும் செலுத்தல் (இலை என்றால் மேலும் பிரியாத கடைசி உறுப்பு). அவ்வளவுதான் என் பரிந்துரை. மற்றதெல்லாம் இதற்கு வந்த, வரப்போகும் கேள்விகளுக்கான பதில்.

அதற்கு முன் பக்கத்துச் சொல் ஒன்றையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இழையில் ஒரு நண்பர் இரண்டையும் கலந்து எழுதியிருந்தார். "வாரியாக" வேறு, "தோறும்" வேறு. மாவட்டவாரியாக வாக்கு விவரம் என்று நாளிதழில் வந்தால் அது தொகுத்துப் பிரித்த கணக்கு. மாவட்டந்தோறும் முகாம் என்றால் ஒவ்வொன்றிலும் ஒரு செயல் நடக்கிறது. ஆரில் இந்த இரண்டும் அப்படியே தனித்தனி வேலைகள்: ஸ்ப்ளிட்டும் டி-அப்ளையும் குழுவாகப் பிரிக்கிற பக்கம், எல்-அப்ளையும் ஆர்-அப்ளையும் செலுத்துகிற பக்கம். "மாதவாரியாகப் பிரி, மாதந்தோறும் செலுத்து" என்று எழுதினால் குறிமுறையின் (கோட்) இரண்டு வரியும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகிறது. இவ்வளவு சுத்தமாக விழும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

சரி, ஏன் "செலுத்து"? இலங்கை நண்பர் பிரயோகம் வேண்டும் என்றார். அங்கே பிரயோக கணிதம் என்று பள்ளியிலேயே படிப்பதால் அவருக்கு அது இயல்பு, புரிகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் பிரயோகம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தடியடிப் பிரயோகம். வெக்டரைக் காவி என்றும் அணியை (மேட்ரிக்ஸ்) தாயம் என்றும் அங்கே சொல்வதைப் போல இதையும் இணைச்சொல்லாகக் குறித்து வைக்கலாம், தகராறு இல்லை. "பொருத்து" என்று இன்னொருவர் சொன்னதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். பொதுவான நிரலாக்கத்துக்கு அது சரியாக இருக்கலாம், ஆனால் இது புள்ளியியல். இங்கே வளைவரை பொருத்துதல் என்று பாடநூலில் ஊறிப்போன சொல் இருக்கிறது. இலைதோறும் ஒரு தொடர்புப் போக்கு மாதிரியைப் (ரிக்ரஷன்) பொருத்துகிற குறிமுறையை விளக்க வேண்டி வந்தால் "பொருத்துதலைப் பொருத்து" என்று எழுத வேண்டியிருக்கும். வேண்டாம்.

"செலுத்து" என்பதற்கும் ஒரு ஆட்சேபம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. கணக்கில் நாம் உறுப்பைத்தான் சார்புக்குள் இடுகிறோம், சார்பை உறுப்புக்குள் இல்லை. ஆனால் எல்-அப்ளை, ஆர்-அப்ளை வகையறாவில் பார்வை தலைகீழாகிவிடுகிறது. தரவு இருந்த இடத்தில் இருக்கிறது, சார்பு அதைத் தேடிக்கொண்டு போகிறது. சார்பையே ஒரு பொருளாக எடுத்து இன்னொரு சார்பிடம் கொடுப்பது ஸ்கீம் என்ற நிரல்மொழியின் பழக்கத்தோடு நன்றாகப் பொருந்துகிற பார்வை. ஆக்லாந்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் ஆரை உருவாக்கியபோது வெளித்தோற்றத்தை எஸ் என்ற பழைய புள்ளியியல் மொழியிலிருந்தும் உள்ளே நடப்பதில் பெரும்பகுதியை ஸ்கீமிலிருந்தும் எடுத்தார்கள். சார்பைக் கையில் எடுத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற எண்ணம் இந்த மொழிக்கு அந்நியம் இல்லை, ஆகவே செலுத்து நிற்கும்.

இனி "இலை". பட்டியலுக்குள் பட்டியல் என்பதற்கு "பின்னலான பட்டியல்" என்று பாடநூல் வழியில் போகலாம் என்றார்கள். பின்னல் என்றால் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று மாறி மாறி ஏறுவது, இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை, ஒன்று இன்னொன்றுக்குள் இருக்கிறது. "அடுக்குப் பட்டியல்" என்றால் ஸ்டாக்குக்கு வைத்திருக்கும் அடுக்கோடு மோதும். டிபன் கேரியரில் இருப்பதும் அடுக்குதான், அதில் எந்தக் கிண்ணமும் இன்னொரு கிண்ணத்துக்குள் இல்லையே. இந்தக் கட்டமைப்பு ஒரு மரம், எனவே மரத்தின் சொற்களையே எடுத்துக்கொள்வோம்: பட்டியலாகப் பிரியும் இடம் கணு, அதற்குமேல் பிரியாதது இலை, முழுவதும் கிளைத்த பட்டியல். "கிளைப்பட்டியல்" என்று ஒற்றுப் போட்டு எழுதாதீர்கள், வங்கிக் கிளைகளின் பட்டியலாகிவிடும். வினைத்தொகையாக "கிளைபட்டியல்" என்று எழுதினால் இலக்கணம் சரி, ஆனால் படிப்பவர் எழுத்துப்பிழை என்று திருத்திவிடுவார். கிளைத்த பட்டியல் என்று விரித்தே எழுதுவோம்.

> எதை இலை என்பது? தரவுச்சட்டகம் இலையா கணுவா?

இதைக் கேட்டவருக்கு நன்றி, இழையிலேயே முக்கியமான கேள்வி இது. இதற்குச் சரியான விடை "எந்தக் கருவியைக் கேட்கிறீர்கள்" என்பதுதான். ஆர்-அப்ளைக்குத் தரவுச்சட்டகம் கணு, மேலே பார்த்தபடி அதைப் பிளந்து நிரல்வரை போகிறது. பர் என்ற ஆர் துணைத்தொகுப்பில் உள்ள மாடிஃபை-ட்ரீ என்ற சார்புக்குத் தரவுச்சட்டகம் இலை. வெறும் பட்டியல்களை மட்டும்தான் அது கணுவாகக் கொள்ளும், தரவுச்சட்டகம், தொடர்புப் போக்கு மாதிரியின் முடிவு போன்றவற்றைப் பிளக்காமல் முழுசாகச் சார்பிடம் கொடுத்துவிடும், நாம் வேறு மாதிரி சொல்லாத வரை. ஆக ஒரே தரவு, ஒரே சார்பு, இரண்டு கருவிகளில் இலை வேறு வேறு. இதனாலேயே இலை என்ற சொல் பெயரில் இருக்க வேண்டும் என்கிறேன். பெயரில் இருந்தால்தான் "இங்கே இலை எது?" என்று படிப்பவருக்குக் கேட்கத் தோன்றும். "தற்சுழற்சிப் பிரயோகம்" என்று இருந்தால் அந்தக் கேள்வியே எழாது, பிழை மட்டும் வரும்.

எப்படிப்பட்ட பிழை என்று காட்டுகிறேன். ஏர்குவாலிட்டியில் வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில் இருக்கிறது. நமக்குச் செல்சியஸ் வேண்டும். 32 கழித்து 1.8 ஆல் வகுக்கும் சார்பை எழுதி, ஆர்-அப்ளையில் இருந்த இடத்திலேயே மாற்று என்று கொடுத்தால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஓடும், தரவுச்சட்டகத்தின் வடிவமும் கலையாது. உள்ளே பார்த்தால் வெப்பநிலை மாறியிருக்கும், கூடவே ஓசோனும் காற்றும் மாறியிருக்கும், மாதம் என்ற நிரலில் மே மாதத்துக்கு இருந்த 5 எல்லாம் மைனஸ் 15 ஆகியிருக்கும். இலைதோறும் என்றால் இலைதோறும்தான், ஒன்றையும் விடாது. வகுப்பை (தரவு வகையை) குறிப்பிட்டு வடிகட்டலாம் என்றால் மாதமும் வெப்பநிலையும் ஒரே முழு எண் வகுப்பு, அங்கேயும் தப்பிக்க வழியில்லை. அந்த வேலைக்கு வேண்டியது மாதந்தோறும் போய் வெப்பநிலை நிரலை மட்டும் தொடுவது, அதாவது உறுப்புதோறும் செலுத்தல். பெயர்கள் சரியாக இருந்தால் எந்தக் கருவி என்பதைத் தமிழில் யோசித்தே முடிவு செய்யலாம்.

இன்னொன்று: சராசரியை "இருந்த இடத்திலேயே மாற்று" என்று கொடுத்துவிடாதீர்கள். 31 வரிசைப் பெயர் வைத்திருக்கும் மே மாதச் சட்டகத்தில் ஒவ்வொரு நிரலிலும் ஒரே ஒரு எண் மிஞ்சும், சிதைந்த சட்டகம். நீளத்தை மாற்றும் சார்புக்குப் பட்டியலாகவோ தட்டையாக்கியோதான் வெளியீடு கேட்க வேண்டும்.

அடுத்து, அதே பர் தொகுப்பின் மேப்-டெப்த் என்ற சார்புக்கும் தோறும் போட்டு "ஆழந்தோறும் செலுத்தல்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது சரிவராது, ஆழந்தோறும் என்றால் எல்லா ஆழத்திலும் என்றாகிவிடும். மேப்-டெப்த் குறிப்பிட்ட ஓர் ஆழத்தில் மட்டும் வேலை செய்கிறது. ஆழம் 1 என்றால் சாதாரண உறுப்புதோறும் செலுத்தலேதான், 2 என்றால் உறுப்புகளின் உறுப்புகள், எதிர்மறை எண் கொடுத்தால் அடியிலிருந்து மேல்நோக்கி எண்ணும். குறித்த ஆழத்தில் செலுத்தல் என்பதே போதும். "மட்டம்", "நிலை" இரண்டையும் தவிர்க்கச் சொல்கிறேன், ஆரில் காரணி மாறியின் (வகைகளைக் குறிக்கும் மாறி) லெவலுக்கு அவை தேவைப்படும்.

சார்பா செயற்கூறா என்ற பழைய வழக்கை இங்கே மறுபடி திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கணினி அறிவியல் நூலில் செயற்கூறு, கணித நூலில் சார்பு. ஆருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் புள்ளியியல், கணிதம் பக்கத்திலிருந்து வருவதால் நான் சார்பு என்று எழுதுகிறேன். செயற்கூறு என்று எழுதினாலும் "இலைதோறும் செலுத்தல்" மாறப்போவதில்லை.

> அப்படியே ஆர்-அப்ளை என்று ஒலிபெயர்த்துவிட்டால் என்ன?

குறிமுறையில் எழுதும்போது அப்படித்தான் எழுதப்போகிறோம், அது சார்பின் பெயர், அதை மாற்ற முடியாது. விளக்கத்தில் எழுதும்போதுதான் சிக்கல். தமிழில் ஆர் என்றால் மொழியும் ஆர், ரிகர்சிவ் என்பதன் முதலெழுத்தும் ஆர். "ஆர்-அப்ளை" என்று மட்டும் படிக்கிறவர் ஆர் மொழியின் அப்ளை என்று எடுத்துக்கொண்டு, அணிகளின் வரிசை நிரல் மீது ஓடும் அப்ளையைத் தேடிப் போய்விடுவார். அது முற்றிலும் வேறு வேலை.

விக்சனரிப் பக்கத்துக்கான வரையறையை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்: "இலைதோறும் செலுத்தல்: கிளைத்த பட்டியல் ஒன்றின் கணுக்களைக் கடந்து சென்று, மேலும் பிரியாத உறுப்புகள் ஒவ்வொன்றின்மீதும் ஒரு சார்பைச் செயல்படுத்துதல். எது பிரியாத உறுப்பு என்பது கருவிக்குக் கருவி மாறும்." கடைசி வாக்கியம் வரையறைக்குள் இருக்க வேண்டுமா, குறிப்பாகக் கீழே போக வேண்டுமா என்பதில் மட்டும் எனக்கு முடிவு இல்லை. உள்ளேயே இருக்கட்டும் என்பது என் சாய்வு. இலங்கை நண்பர் "இலைதோறும் பிரயோகித்தல்" என்பதை இணைச்சொல்லாகச் சேர்க்கச் சம்மதித்தால் இரண்டையும் ஒரே பக்கத்தில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்