பேட்டரியை மிச்சம் பிடிக்க பயாஸைக் குறைக்கலாமா?

நாற்பது_மீட்டர்:
வணக்கம் ஓ.எம்.களே (ஹாம் வானொலி நண்பர்களே). 7 மெகாஹெர்ட்ஸில் குரல் அனுப்பும் எஸ்.எஸ்.பி. முறைக்கு இரண்டு ஐ.ஆர்.எஃப்.510 மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரைப் புஷ்-புல்லில் (அலையின் பாதி ஒன்றுக்கு, மறுபாதி இன்னொன்றுக்கு) போட்டு ஒரு லீனியர் (அலை வடிவம் மாறாமல் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) கட்டியிருக்கிறேன். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஓடுகிறது, உச்சத்தில் 10 வாட் வருகிறது. முதலில் ஒவ்வொன்றுக்கும் 100 மில்லிஆம்பியர் பயாஸ் (சிக்னல் இல்லாதபோதும் ஓடும் கரண்ட்) வைத்திருந்தேன். ஹீட்சிங்க் கொதித்தது, பேட்டரியும் சீக்கிரம் இறங்குவது போலிருந்தது. அதனால் 10-க்கு இறக்கிவிட்டேன். பவர் மீட்டர் அதே 10 வாட்தான் காட்டுகிறது. ஆனால் பக்கத்து ஊர் நண்பர், "குரல் கரகரங்குது, 3 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போனாலும் நீதான் கேக்குற" என்கிறார். பயாஸ்தான் காரணமா?

சாலிடர்புகை:
பயாஸேதான் தம்பி. புஷ்-புல்லில் ஒன்று விடும் அலையை இன்னொன்று வாங்கிக்கொள்ள வேண்டும். 10 மில்லிஆம்பியரில் கைமாறும் இடத்தில் இரண்டுமே தூங்குகின்றன. அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும்போது ஒரு பள்ளம் விழும். உங்கள் மீட்டர் உச்சத்தைத்தான் பார்க்கிறது, அந்தப் பள்ளம் அதற்குத் தெரியாது.

மைக் இடத்தில் 700, 1900 ஹெர்ட்ஸ் என்று இரண்டு டோன் கொடுத்துப் பாருங்கள். கோணலால் முளைக்கும் மூன்றாம் வரிசைக் கலப்பு (2 × 1900 − 700) 3100 ஹெர்ட்ஸில் வரும், ஐந்தாம் வரிசை 4300-இல். அது உங்கள் சேனலே இல்லை, அடுத்தவருடையது. அவுட்புட்டில் உள்ள லோ-பாஸ் ஃபில்டர் 14 மெகாஹெர்ட்ஸ் ஹார்மோனிக்கை (இருமடங்கு அலையை) நிறுத்தும். 4 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்பதை அதனால் தொடவே முடியாது.

நல்ல பயாஸில் டிரைவை (உள்ளே கொடுக்கும் சிக்னலை) 1 டெசிபெல் குறைத்தால் மூன்றாம் வரிசை சுமார் 3 டெசிபெல் இறங்கும். பட்டினி பயாஸில் அந்தக் கணக்கு செல்லாது. மெதுவாகப் பேசினால் பள்ளத்தின் பங்கு கூடி, குரல் இன்னும் கெடும்.

காவிரிக்கரை:
எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏ.பி. கிளாஸில் (கொஞ்சம் பயாஸோடு ஓட்டும் முறையில்) உட்கார்ந்துகொண்டு "பயாஸை ஏற்று" என்றே எத்தனை வருடம் சொல்வது? 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தபோது பாரதி பிரசாத் என்ற ஹாமின் குழுவினர் போர்ட் பிளேரில் இருந்தார்கள். மற்ற தொடர்புகள் அறுந்த நேரத்தில் எச்.எஃப். (சிற்றலை) வானொலிதான் அந்தமானிலிருந்து செய்தி கொண்டுவந்தது. கரண்ட் இல்லாத இடத்தில் ஒவ்வொரு வாட்டும் எண்ணிச் செலவழிக்க வேண்டியது. செயல்திறனை ஏதோ சிக்கனப் பைத்தியம் மாதிரி ஒதுக்காதீர்கள்.

கணக்கையும் பாருங்கள். ஓய்வில் கரண்டே ஓடாத பி கிளாஸின் 78.5 சதவீதச் செயல்திறன் முழு உச்சத்தில் மட்டும். அலையின் வீச்சு பாதியானால் அது 39 ஆகிவிடும். மனிதக் குரல் பெரும்பாலான நேரம் உச்சத்துக்கு வெகு கீழேதான் இருக்கிறது. ஆக, ஏ.பி. லீனியர் அதிக நேரம் செய்வது ஹீட்சிங்கைச் சூடாக்குவதுதான். 50 வோல்ட் எல்.டி.மாஸ் (பெரிய பவர் மாஸ்ஃபெட்) லீனியரில் 2 ஆம்பியர் பயாஸ் வைத்தால், நீங்கள் பி.டி.டி.யை (பேசும் பட்டனை) அழுத்தி வாய் திறக்கும் முன்பே 100 வாட் வெப்பம்.

வழி இருக்கிறது. பொறியாளர் லியோனார்ட் கான் 1952-லேயே சொன்னார்: குரலின் உறையை (வீச்சின் ஏற்ற இறக்கத்தை) தனியே பிரித்து சப்ளை வழியாக ஏற்று, ஆம்ப்ளிஃபயரை ஸ்விட்ச் மாதிரி ஓட்டு. நேதன் சோகலும் ஆலன் சோகலும் 1975-இல் விளக்கிய இ கிளாஸ் என்ற ஸ்விட்ச் வகை ஆம்ப்ளிஃபயர் அதற்கு அருமையாகப் பொருந்தும்.

சாலிடர்புகை:
சி.டபிள்யூ. (மோர்ஸ்), எஃப்.டி.8 (டிஜிட்டல் முறை) என்றால் நீங்கள் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். அங்கே வீச்சு மாறுவதில்லை. ஹான்ஸ் சம்மர்ஸ் வடிவமைத்த கியூ.சி.எக்ஸ். என்ற சி.டபிள்யூ. கிட் மூன்று சின்ன பி.எஸ்.170 மாஸ்ஃபெட்டை இ கிளாஸில் ஓட்டுகிறது, ஹீட்சிங்கே இல்லை. சி.டபிள்யூ.க்கு லீனியர் கட்டுவது வீண்.

ஆனால் தம்பி கேட்டது எஸ்.எஸ்.பி. கான் முறையில் உறையும் ஃபேஸும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் கலப்பு அகலமாகப் பரவும். அந்த உறை சப்ளையே ஒரு ஸ்விட்சிங் சப்ளை. அது 200 கிலோஹெர்ட்ஸில் ஓடினால், மிச்ச ரிப்பிள் கேரியரிலிருந்து 200 கிலோஹெர்ட்ஸ் இரு பக்கமும் ஏறும். நீங்கள் 7.1-இல் பேசினால் 6.9-இலும் 7.3-இலும் குச்சி முளைக்கும். இரண்டுமே நம் பேண்டுக்கு வெளியே. இதையும் லோ-பாஸ் ஃபில்டர் பிடிக்காது, சப்ளையிலேயே வடிகட்டியாக வேண்டும்.

தம்பியின் மிச்சம் எவ்வளவு என்று பார்த்தீர்களா? 200-லிருந்து 20 மில்லிஆம்பியர். மணிக்கு 15 நிமிடம் பேசினால் 0.045 ஆம்பியர்-மணி. 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது ஒரு சதவீதம்கூட இல்லை! இதற்காகப் பக்கத்து ஃப்ரீக்வென்சியில் பலவீனமாக வரும் ஒருவரை மூடுவதா? அந்தமானிலிருந்து வந்த சிக்னல் மேல் இப்படி ஒரு ஸ்ப்ளாட்டர் (பக்கத்தில் சிதறும் கோணல்) விழுந்திருந்தால்?

காவிரிக்கரை:
10 வாட்டுக்கு அந்தக் கணக்கு சரி, மறுக்கவில்லை. 400 வாட்டுக்கு சரியில்லை. அங்கே ப்ரீ-டிஸ்டார்ஷன் போடலாமே? அவுட்புட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து, கோணலை அளந்து, எதிர்க்கோணலை முன்கூட்டியே கலக்கும் எஸ்.டி.ஆர்.கள் (மென்பொருளில் இயங்கும் வானொலிகள்) கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டன.

சாலிடர்புகை:
நல்ல வழிதான், நானே பயன்படுத்துகிறேன். ஆனால் மாஸ்ஃபெட் முழுக்கத் தூங்கும் இடத்தில் கெயினே இல்லை, இல்லாததை எதிர்க்கோணலால் நிமிர்த்த முடியாது. குறைந்தபட்ச பயாஸ் அங்கேயும் வேண்டும்.

ஏரியல்வயர்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நாற்பது மீட்டர், உங்கள் பயாஸ் ரிசீவிலும் ஓடுகிறதா? அப்படியானால் பேட்டரியைத் தின்பது அதுதான். பேசும் 15 நிமிடம் போக, கேட்கும் 45 நிமிடமும் 200 மில்லிஆம்பியர் போகும். விழித்திருக்கும் ஆம்ப்ளிஃபயர் தன் இரைச்சலைப் பெருக்கி, ரிலே வழியாகக் கசிந்து உங்கள் ரிசீவருக்கே கொடுக்கும். எனக்கு இதே கோளாறு இருந்தது. ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோட் (அதற்குப் பதிலாக ஒரு மின்தடை) போட்டேன், அப்போதும் ஸ்பீக்கரில் ஒரு சன்னமான 'உஸ்'. பயாஸ் வயரைப் பிடுங்கியதும் நின்றது.

நாற்பது_மீட்டர்:
ஆமாம், நேரடியாக சப்ளையிலிருந்துதான் எடுத்திருந்தேன்! இன்று ஒரு பி.என்.பி. டிரான்சிஸ்டர் போட்டு பி.டி.டி.யோடு சேர்த்துவிட்டேன். டம்மி லோடில் இரைச்சல் காதுக்கே தெரியும்படி குறைந்தது. பிரீசெட்டைத் திருப்பி ஒவ்வொன்றுக்கும் 80 மில்லிஆம்பியர் வைத்திருக்கிறேன். நண்பர் 3 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போய்க் கேட்டு, "இப்ப நீ இல்ல" என்றார். ஆனால் ஐந்து நிமிடம் விடாமல் பேசினால் 80 மெல்ல 130 ஆகிறது.

காவிரிக்கரை:
சூடு ஏற ஏற கேட் த்ரெஷோல்ட் (மாஸ்ஃபெட் விழிக்கத் தேவையான வோல்டேஜ்) இறங்கும், கரண்ட் ஏறும், அதனால் இன்னும் சூடு. விட்டால் மாஸ்ஃபெட் போய்விடும். பயாஸ் கோட்டில் ஒரு டயோடைப் போட்டு, அதை ஹீட்சிங்கிலேயே ஒட்டுங்கள். பயாஸும் சேர்ந்து இறங்கும்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். பேட்டரி 11.5 வோல்ட்டுக்கு இறங்கிய பிறகு நண்பரை மறுபடி கேட்கச் சொல்லுங்கள். வோல்டேஜ் குறைந்தால் உச்சம் முன்கூட்டியே தட்டையாகும், அதே டிரைவில் ஸ்ப்ளாட்டர் திரும்பி வரலாம். அதைப் பயாஸால் சரிசெய்ய முடியாது.

சாலிடர்புகை:
அது சரியான சோதனை. அப்போது மைக் கெயினைக் குறைக்க வேண்டும். 10 வாட் 7 வாட் ஆனாலும் எதிர்முனையில் ஒன்றரை டெசிபெல்தான் குறையும்.

நாற்பது_மீட்டர்:
டயோடு ஒட்டியாயிற்று. இப்போது பேட்டரி 12.4 காட்டுகிறது. ஞாயிறு காலை முழுக்கச் சார்ஜ் ஏற்றாமல் பேசிப் பார்த்து, 11.5-இல் நண்பர் என்ன கேட்டார் என்று இங்கேயே எழுதுகிறேன்.